அடுத்த பாட்டு

தையல் ஆலையில் அவளுக்குப் பட்டப்பெயர் பாட்டுக்காரி. சாப்பிட்டுவிட்டுக் கண்ணைச் சொருகும் நேரத்துக்குக் குத்துப்பாட்டு, வீட்டுக்குக் கிளம்பும் முன்னே மெலடி என்று போனில் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வரிசை கட்டுவாள். அவள் பாட்டு ஓடினால் மெஷின் ஒன்றுகூடத் தூங்காது என்று சூப்பர்வைசரே சொல்வான்.

புருஷனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ஒண்ணைத் தட்டினா போதும், மீதியை அதுவே பாத்துக்கும் என்பான். லாரி ஷெட்டில் எவன் முறைத்தாலும் பல்லைக் காட்டிவிட்டு வருகிற மகராசன், வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழ் போடுவான். அவள் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் மாட்டி, ஒரு பாட்டைத் தட்டி, சத்தத்தை முழுசாய் ஏற்றுவான். பிறகு பெல்ட்டைக் கழற்றுவான். போன் நல்ல பிள்ளையாய், ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே எடுத்துப் போடும். அவள் அலறல் அதற்குள் அமுங்கிப் போகும். மாடிப்படியில் பார்க்கிறவர்கள், உங்க வீட்ல தினமும் கச்சேரிதானா என்று கிண்டல் செய்வார்கள். பாழாய்ப்போன கச்சேரி.

ஒருநாள் போன் தானாகவே ஒரு வரிசை கட்டி நீட்டியது. 'நீங்கள் மிகவும் விரும்பிக் கேட்டவை' என்று தலைப்பு வேறு. திறந்து பார்த்தாள். விலா உடைந்த அன்று ஓடிய பாட்டு, பல் போன அன்று ஓடிய பாட்டு, எல்லாம் வரிசையாக நின்றன. இனியும் இருந்தால் செத்துத்தான் போவோம் என்று அப்போதுதான் உறைத்தது. செட்டிங்கில் நுழைந்து, அடுத்த பாட்டு தானாக ஓடுவதை நிறுத்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சட்டையில் பட்டன் ஒன்று இல்லை. ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்குக் கட்டின புருஷன் சட்டை கண்ணில் படவில்லையா என்று ஆரம்பித்தான். பாட்டு ஓடியது, பெல்ட் இறங்கியது. கொக்கி பட்டு அவள் நெற்றி பிளந்தது. முடியைப் பிடித்து இழுத்த அவன் கையெல்லாம் ரத்தம். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சரணம் முடியக் காத்திருந்தாள்.

பாட்டு நின்றது.

"என்னடி ஆச்சு இதுக்கு?" என்று அவன் திரையைத் தட்டினான். ரத்த விரலுக்குத் திரை மசியவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தட்டினான். திரையில் அப்பியிருந்த ரத்தத்தில் அப்போதும் மசியவில்லை.

அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "கொல்றான், யாராவது வாங்க."

கீழ்வீட்டு வெல்டர் சுத்தியலோடு ஓடிவந்தார். தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. இன்னும் போனைத் தட்டிக்கொண்டிருந்தவனைச் சுவரோடு சேர்த்து அவர் மோதிய மோதலில் அவன் மூக்கு உடைந்தது. பின்னாலேயே வந்த வெல்டர் பெண்சாதி, அவள் நெற்றியை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"தினமும் கேட்டோமேடி, பாட்டுன்னுல்ல நெனச்சோம்."