என் பலாவில் ஏறிய மிளகுக்கொடி

எனக்குச் சந்தேகப் புத்தி. கடையில் தேங்காய் வாங்கினால் மூன்று தடவை தட்டிப் பார்த்தும் நம்பமாட்டேன். அப்படிப்பட்டவளின் பலாமரத்தில்தான் பக்கத்துக் காம்பராக்காரியின் மிளகுக்கொடி ஏறியது.

எங்களுடையது தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம். வரிசை வீடுகளாய்க் கட்டிய எங்கள் லயத்தில் பால் வெட்டுக்குப் போவது நானும் அவளும் மட்டும்; மற்றவர்களுக்கு வேறு வேலை. ஒற்றை அறை வீடுதான் காம்பரா; எங்கள் இரண்டுக்கும் இடையில் ஒரே சுவர். நான் காலில் அடிபட்டுக் கிடந்த மாதம் எனக்குத் தண்ணீர் தூக்கித் தந்தவள் அவள்தான். கொடியை அவள் தன் பக்கத்து மண்ணில் நட்டாள். அது வேலியைத் தாண்டி என் மரத்தைப் பிடித்தபோது நானும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் பலாப்பிஞ்சுகள் கறிக்குக்கூடத் தேறாமல் உதிர ஆரம்பித்தன. காலையில் கூட்டி அள்ளும்போது வயிறு எரிந்தது. கொடியோ தளதளவென்று மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு கணுவை விலக்கிப் பார்த்தேன். மரப்பட்டையில் சின்னச் சின்ன வேர்கள் பதிந்திருந்தன. பட்டையைச் சீவிப் பால் எடுத்தே வயிறு வளர்க்கிறவளுக்கு அதற்கு மேல் சாட்சி எதற்கு? பட்டையைத் தொடுகிற எதுவும் பாலுக்காகத்தான் தொடும். பலாவிலும் பால் இருக்கிறதே.

"ஏன்டி, உன் கொடி என் மரத்துல பால் குடிக்குது போல" என்று சிரித்தபடி கேட்டேன்.

"இல்லக்கா, அது சும்மா புடிச்சிக்கிட்டு நிக்குது. சாப்பாடெல்லாம் கீழ மண்ணுலதான். பாருங்க, சாணி போட்டிருக்கேன். மிளகு முத்துனா மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கணும். பழசு அடி விட்டுப்போச்சு."

சாணி போட்டதே கண்துடைப்பு என்று எனக்குப் பட்டது. சிரித்துப் பேசினால் நம்பிவிடுவேனா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவிசாவளைக்குப் பஸ் ஏறியதும் வேலியைத் தாண்டினேன். பால் கத்தியால் கொடியின் அடியில் ஒரே இழுப்பு. வெட்டிய இடத்தைச் செத்தை போட்டு மூடினேன். கொடி மரத்தில் குடிக்கிறது என்றால் மண்ணோரம் வெட்டி என்ன பிரயோசனம் என்று அப்போது யோசிக்கவில்லை. ஆத்திரம் யோசிக்க விடவில்லை.

பத்தே நாளில் கொடி உச்சிவரை காய்ந்தது. பச்சை மிளகுச் சரங்கள் சுருங்கிப்போயின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரத்தைக் குடிக்கிற கொடியாக இருந்தால் மேலே பிழைத்திருக்குமே. அவள் சொன்னது உண்மை.

பிஞ்சு உதிர்வதும் நிற்கவில்லை. காய்ந்த இலைகள் கொட்டிய இடைவெளியில் அண்ணாந்து பார்த்தேன். கிளையில் தடித்த இலைகளோடு, சிவப்புப் பூவோடு ஒரு கொத்து. புல்லுருவி. மண்ணில் அதற்கு ஒரு வேர்கூடக் கிடையாது. கிளைக்குள்ளேயே காலை ஊன்றி என் மரத்தின் சாற்றைக் குடித்துக் கொழுத்திருந்தது. இத்தனை நாள் மிளகு இலை அதை மறைத்திருக்கிறது.

"பன்னி கிண்டியிருக்கும்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் போட்டேன். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் வாசலில் வந்து நின்றாள். சுருங்கிய மிளகைக் காயவைத்து, ஒரு பிடியைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"உங்க மரந்தானேக்கா இவ்வளவு நாள் தாங்குச்சு. வச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்குப் பின்னால் மகள் பழைய சப்பாத்தின் அடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று நான் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டு, அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் கொடியின் அடியைப் பார்க்கப் போனேன். இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் இறங்கும் சாய்ந்த வெட்டு. பழக்க தோஷத்தில் கை ரப்பர் மரத்தை வெட்டுவதுபோலவே வெட்டியிருக்கிறது. லயத்தில் அந்த வெட்டை அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

நான் போட்ட செத்தையை யாரோ எனக்கு முன்பே அள்ளி ஓரமாக வைத்திருந்தார்கள்.