அத்தையின் கொல்லையில் சோளக்குருவி

சோளக்குருவிகள் கூட்டமாகச் சுழன்று பறப்பதைப் பேரழகு என்று முதலில் சொன்னவர் யாரோ, அவருக்குச் சொந்தமாக ஒரு சோளக்கொல்லை இருந்திருக்க வாய்ப்பில்லை. இப்போதெல்லாம் மார்கழிக் குளிரில் எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள், பெங்களூரிலிருந்து வரும் பிள்ளைகள், எல்லோர் கழுத்திலும் பைனாகுலர். பொழுது சாய்கையில் குருவிகள் ஈரச்சேலையை உதறினாற்போல வானத்தில் விரிந்து மடங்கும். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஊருக்குப் போகும்போது நானும் போய் நிற்பதுண்டு. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாக ஒரு கல்லைத் தேடும்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் அது. சித்திரையில் ஒருநாள் அத்தை ஒரு துணிப்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை, கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பண்டிகைக்கு வந்தால் மறுநாளே கிளம்பிவிடுகிறவள் இந்த முறை போகவே இல்லை. ஏன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அத்தைக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. கல்யாணத்தின்போது நன்றாகத்தான் இருந்தது என்று அம்மா ஆரம்பிப்பாள், அப்பா பார்க்கும் பார்வையில் நிறுத்திக்கொள்வாள். காய்ச்சலில் போயிருக்கும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

அப்பா கெட்டவர் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற பயம் அவருக்கு மற்றவர்களைவிட ஜாஸ்தி, அவ்வளவுதான். தங்கை வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று டீக்கடையில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று டீ குடிப்பதையே நிறுத்திவிட்டார். ஆடி மாதம் அத்தை அவரிடம் ஏரியை ஒட்டிய கொல்லையைக் கேட்டாள். தாத்தா விட்டுப்போன நிலம், அவளுக்கும் பாத்தியதை உண்டு. முடியாது என்று அப்பாவால் சொல்ல முடியவில்லை. அதனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு போகம் போட்டுப் பாரு. வெள்ளாமை வூடு வந்து சேந்துச்சுன்னா கொல்லை உன்னுது, இங்கியே இரு. சேரலன்னா தை பொறந்ததும் மச்சான் வூட்டாளுங்கள வரச்சொல்றேன். மூச்சு வுடாம கெளம்பிடணும்."

அத்தை சரி என்றாள். அம்மா சமையலறையிலிருந்தபடியே பாத்திரத்தை ஓசைப்பட வைத்தாள்.

ஊரெல்லாம் வேர்க்கடலையும் நெல்லும் போட்டிருந்தது. அத்தை, தண்ணீர் கம்மியாகத்தான் கேட்கும் என்று சோளம் விதைத்தாள். பயிர் என்னவோ ஆள் உயரத்துக்குக் கிளம்பி ஜோராக நின்றது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் சோளம் நின்றது அங்கே மட்டும்தான். ஊரில் ஒரே ஒரு பந்தி நடந்தால் பசித்தவர்கள் எல்லோரும் எங்கே போவார்கள்?

கொல்லை நடுவில் பரண் கட்டினாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பும் வந்த பின்பும் நானும் ஏறிக்கொள்வேன். கையில் கவண், பக்கத்தில் தட்டுவதற்கு எண்ணெய் டின். வருகிற பறவைக்கெல்லாம் அத்தை தன் புகுந்த வீட்டு ஆட்களின் உறவுமுறையை வைத்திருந்தாள். சொன்னதையே சொல்லிக் கத்துகிற கிளி, மாமியார். ஏரித் தண்ணீரில் ஒன்றும் தெரியாததுபோல ஒற்றைக்காலில் நின்றுகொண்டு மீனை விழுங்குகிற நாரை, மூத்தார், அதாவது மாமாவின் அண்ணன். வரப்பில் வந்து தோகையை மட்டும் காட்டிவிட்டுப் போகிற மயிலுக்கு அவள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அத்தையும் சிரிப்பாள், ஆனால் கண் கதிரைவிட்டு நகராது.

அடைமழை ஓய்ந்து கதிர் பால்பிடித்த வாரத்தில் சோளக்குருவிகள் வந்து சேர்ந்தன. புத்தகத்தில் சூறைக்குருவி என்று போட்டிருக்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். பார்க்க மைனா மாதிரி இருக்கும். தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு மட்டும் ரோஸ் கலர். தனியாக ஒன்றைப் பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். ஆனால் அது தனியாக வருவதே இல்லை. முதலில் மேற்கே புகை மாதிரி தெரியும், அப்புறம் தூரத்தில் மழை வருகிற மாதிரி ஓர் இரைச்சல். தலைக்கு மேலே வந்ததும் வெளிச்சம் மங்கும். அப்படியே இறங்கி ஒரு வரிசைக் கதிரில் உட்கார்ந்து எழுந்தால், பாலெல்லாம் போய் வெறும் உமிதான் மிஞ்சும்.

ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அத்தைக்குச் சத்தம் கேட்கும், எந்தத் திசையிலிருந்து என்பது பிடிபடாது. அதனால் அவளுக்கு இடப்பக்கம் நான் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. நான் கையை நீட்டுகிற பக்கம் அவள் டின்னைத் தட்டுவாள், கல் பறக்கும். கூட்டம் இறங்காமல் ஏரிக்கரைக் கருவேல மரங்களுக்குத் திரும்பிவிடும். வெடி வாங்கிக் கொடுத்தால் சுலபமாக விரட்டலாம் என்று அத்தை ஒருநாள் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். மாடு மிரளும் என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகை தீபம் வந்தது. மலையுச்சியில் ஆறு மணிக்குத் தீபம் ஏற்றுகிற அந்த நேரத்தில் எங்கள் ஊரில் உட்கார்ந்திருக்கிறவர், படுத்திருக்கிறவர் எல்லோரும் எழுந்து மலையைப் பார்த்து நிற்பார்கள். அது தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவோம், விரதம் இருப்பவர்கள் வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். அத்தையும் விரதம். வீட்டுக்கு வரச்சொல்லி அம்மா ஆள் அனுப்பியும் அவள் பரணைவிட்டு இறங்கவில்லை. எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் எங்கே நின்றாலும் மலை தெரியும், பரணிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பொழுது இறங்குகிற நேரத்தில் அப்பா ஒரு பையோடு கொல்லைக்கு வந்தார். அப்படி அவர் வருவது அபூர்வம். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. கரைமேல் நின்றால் தீபம் இன்னும் நன்றாகத் தெரியும், பாப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்றார். அத்தை தயங்கினாள். நான் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் சத்தம் என்று அவளுக்குத் தெரியாதே என்றாள்.

"ஒரு நிமிஷந்தான். நீயும் மலையப் பாத்துக் கும்புடு. தீபத்தன்னிக்குப் போயி சாமிய பாக்காம குருவியவா பாத்துனு இருப்ப?" என்றார் அப்பா.

அத்தை என்னை இறக்கிவிட்டாள்.

கரைமேல் போனதும் அப்பா பையைத் திறந்து காட்டினார். உள்ளே அணுகுண்டும் சரவெடியும். தீபாவளிக்கே காசைக் கரியாக்குகிற வேலை என்று சொல்கிறவர் எனக்காக வெடி வாங்கிவந்திருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிழக்கே, கரைக்குக் கீழே அத்தையின் கொல்லை. அதற்கு அப்பால் மலை. எங்களுக்குப் பின்னால் கருவேல மரங்கள், ஒரு கிளை பாக்கியில்லாமல் சோளக்குருவிகள். அவை அடைவதற்காக இரைந்துகொண்டிருந்தன. அப்பா மரங்களைத் தாண்டி ஏரிப் பக்கமாக இறங்கி அங்கே வெடிகளை வரிசையாக வைத்தார். அங்கே வெடித்தால் குருவிகள் எந்தப் பக்கம் எழும்பும் என்று பரணில் உட்கார்ந்து பழகிய எனக்கே தெரியும்.

"அப்பா, குருவிங்க."

"நீ மலையப் பாரு," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

மலையைப் பார்த்தேன். உச்சியில் தீபம் தெரிந்தது. ஊர் முழுக்க அரோகரா என்று ஒரே குரலாகக் கிளம்பியது. கீழே பரண்மேல் அத்தை டின்னைக் கீழே வைத்துவிட்டு மலையைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றாள். அவள் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அப்போது அப்பா பற்றவைத்த வெடிகள் வெடித்தன. மரங்கள் அத்தனையும் ஒரே வீச்சில் காலியாயின. தலைக்குமேல் காற்று அறைந்தது. அத்தை, அத்தை என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஊரே கத்திக்கொண்டிருந்த நேரத்தில் என் கத்தல் யாருக்குக் கேட்கும்? கூட்டம் ஒரு சுற்று சுற்றி, கண்ணில்பட்ட ஒரே அடைசலான சோளத்தில் இறங்கியது. சோளத்தட்டுகள் கனம் தாங்காமல் மடமடவென்று சாய்கிற சத்தம் கரைவரை கேட்டது.

அத்தை திரும்பியபோது கொல்லை கறுப்பாக இருந்தது. குதித்து ஓடினாள். இந்த மூலையில் தட்டினால் அவை அந்த மூலையில் போய் இறங்கின. அவற்றுக்கும் இருட்டிவிட்டது, போக வேறு இடமில்லை. அப்பாவும் ஓடிவந்து மண்ணாங்கட்டியை வாரி வீசினார். எங்கள் மூன்று பேரில் அதிகமாகக் கத்தியது அவர்தான்.

அவை ராத்திரி அங்கேயே தங்கி, விடிந்ததும் சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயின. கிணற்று மூலையில் மட்டும் கொஞ்சம் தட்டு நின்றது. அத்தை அழவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கரைமேல் ஏறினாள். மரத்தடியைத் தாண்டி ஏரிப் பக்கம் சிவப்புக் காகிதம் சிதறிக் கிடந்தது. அதில் ஒன்றைக் குனிந்து எடுத்தாள். வெடி வைத்தது யார் என்று கேட்டாள். அப்பாதான், எனக்காக வாங்கிவந்தார் என்று பெருமையாகச் சொன்னேன். பையைத் திறந்ததிலிருந்து அவர் எங்கே இறங்கினார், எப்படி வரிசையாக வைத்தார் என்பதுவரை ஒன்றுவிடாமல் அபிநயத்தோடு சொல்லிக் காட்டினேன். அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

"நல்லா கதை சொல்ற நீ. யார்கிட்டயும் சொல்லிடாத. நான் கேக்கறப்போ சொல்லணும்," என்றாள்.

மார்கழி முழுக்க அந்தக் கிணற்று மூலையை அத்தை கண்ணிமைக்காமல் காத்தாள். தேறியது ஒரு கூடை. தை பிறந்ததும் அப்பா கீழ்பென்னாத்தூருக்கு போன் போட்டார். அத்தையின் மூத்தாரும் அவர் மனைவியும் காரில் வந்தார்கள். மாமா வரவில்லை. அம்மா அத்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அத்தை போய்விட்டால் எனக்கும் யார் இருக்கிறார்கள்? சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று அப்பா வந்தவர்களை உட்காரவைத்தார்.

அத்தை சோளக்களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்தாள். முதல் உருண்டையை அப்பாவின் இலையில் வைத்தாள்.

"சாப்புடுண்ணா. ஒரு கூடைதான். ஆனா வூடு வந்து சேந்துடுச்சு."

ஒரு கூடைக்குப் பெயர் வெள்ளாமையா என்று அப்பா சிரித்தார். மூத்தாரும் நாரை மாதிரி கழுத்தை நீட்டிச் சிரித்தார். குருவி தின்றதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று அப்பா வந்தவர்களிடம் சொன்னார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, தீபத்தன்னிக்கு உங்கப்பா உனக்கு வெடி வெச்சாரே, அந்தக் கதைய இவங்களுக்குச் சொல்லு."

இதற்காகத்தானே இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, பாவாடையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "அன்னிக்கு எங்கப்பா ஒரு பை எடுத்துக்கினு கரைமேல..."

அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது. அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை குழம்புக் கரண்டியோடு காத்திருந்தாள்.

"மச்சான்," என்றார் அப்பா. "அவ வர்ல. வெள்ளாமை வூடு வந்து சேந்துடுச்சு. கொல்லை அவளுது. சாப்ட்டுட்டு நீங்க கெளம்புங்க."

வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு பாதியில் எழுந்து போனார்கள். கார் கிளம்பியதும் அம்மா அந்தத் துணிகளை மறுபடி கொடியில் உதறிப்போட்டாள். எல்லோருக்கும் என்னவோ நடந்தது, என் கதையை மட்டும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. எனக்கு அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. விருந்தாளிகள் எதிரில் ஒரே ஒரு தடவை என்னைப் பேசச் சொன்னார்கள், அதையும் கெடுத்துவிட்டார். அன்று பகல் பூராவும் அவரோடு நான் பேசவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு தன்மேல்தான் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, கதையைப் பாதியில் நிறுத்தியதற்குத்தான் வருத்தப்படுகிறார் என்று எண்ணி, சாயங்காலம் போனால் போகிறதென்று நானே அவரை மன்னித்துவிட்டேன்.