கிளட்ச் இல்லாத கார்

அறுபதுகளின் கடைசியில் தருமபுரியில் ஒரு லாரி முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். ஒருநாள் காலையில் அவர் கூப்பிட்டுச் சொன்னார்: "நம்ம லாரிக்கு லோடு குடுக்குற பெங்களூர்க்காரருக்குச் சேலம் ஆஸ்பத்திரியில வயித்துல ஆபரேசன் ஆயிருக்குது. அவரு டிரைவர் காய்ச்சல்ல படுத்துக்கிட்டான். நீ போயி அவரையும் காரையும் வூட்டுல சேத்துட்டு வா."

சேலத்தில் காரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படகுபோல நீண்ட அமெரிக்கக் கார். உள்ளே கிளட்சே இல்லை. ஸ்டியரிங்கை ஒட்டிச் சின்னதாக ஒரு கம்பி மட்டும். பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த பெங்களூர்க்காரர், "கியர் தானா மாறும். கம்பியை 'டி'யில வெச்சு ஆக்சிலேட்டரை மிதிங்க, போதும்," என்றார்.

ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பழக்கதோஷத்தில் என் இடது கால் கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. பின்னால் அவர் முனகினார். பக்கத்திலிருந்த அவர் மனைவி பதறிப்போய், "ஐயோ, தையல் போட்டிருக்குதுங்க!" என்றார்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இடது காலை மடக்கி வெச்சுக்கங்க. அதுக்கு இந்த வண்டியில வேலை இல்லை," என்றார். மடக்கிக்கொண்டேன்.

அப்புறம் தொப்பூர் கணவாய். பாரம் ஏற்றிய லாரியில் அந்த ஏற்றத்தில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வருவது ஒரு மல்யுத்தம். கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் ஒருதரம் எஞ்சினை உறுமவைத்து, கம்பியைத் தள்ள வேண்டும். கண்சிமிட்டும் நேரம் பிந்தினால் கியர்ப் பற்கள் கறகறக்கும், வண்டி பின்னால் உருளும், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கிளீனர் கட்டையோடு குதித்து ஓடுவான்.

அதே ஏற்றத்துக்கு வந்தோம். என் இடது கை தானாக நீண்டு வெறும் காற்றைப் பிடித்தது. சாலை ஏறியது. எஞ்சின் சத்தம் சற்றே தணிந்தது. பிறகு, ஒருவர் எச்சில் விழுங்குவதுபோல, உள்ளே ஏதோ நகர்ந்தது. அவ்வளவுதான். சத்தம் நிமிர்ந்தது, கார் ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை. மேடு தணிந்ததும் மறுபடி அதே விழுங்கல். அடுத்த ஏற்றத்துக்காக என் உடம்பெல்லாம் காதாகக் காத்திருந்தது.

"மேடு வந்துருச்சுன்னு அதுக்கு எப்படிங்க தெரியுது?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் அவர் மனைவி. "தூங்கிட்டாரு. ஆபரேசனுக்கு அப்புறம் இப்பத்தான் கண்ணசர்றாரு."

அதன்பிறகு டீக்குக்கூட நிறுத்தவில்லை. பெங்களூரில் தன் வீட்டு வாசலில்தான் அவர் கண் விழித்தார். கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.

"உள்ள ஓடுற எண்ணெய்தான். வண்டி வேகத்துக்கும் உங்க கால் அழுத்தத்துக்கும் தக்கபடி அந்த எண்ணெயோட அழுத்தம் மாறும். அதுவே கியரை மாத்திடும்," என்றார்.

பற்கள் தேயாமலிருக்க நாங்கள் ஊற்றும் எண்ணெய்! அது ஒரு மனிதனின் கையையும் காலையும் போல வேலை செய்யும் என்று யார் கண்டார்கள்?

ஊர் திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்தாற்போல் முன்னே சாய்ந்து பின்னே போனோம். ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முந்தின நாள்வரை நானும் கவனித்ததில்லை.