எந்தப் பக்கம்

மகளைக் கட்டப்போகும் வெள்ளைக்காரப் பையனின் தகப்பன், தன் வம்சப் படத்தை எங்கள் யூனியன்வில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். அமெரிக்கா பிரிந்தபோது பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்று, வீடு வாசலை இழந்து வடக்கே கனடாவுக்கு வந்தவர்கள் ஒரு கிளை. விலங்குத்தோல் வாங்கி விற்றவர்கள் மற்றக் கிளை.

என் கணவரின் விரல் படத்தில் ஏறத் தொடங்கியதுமே என்ன வரப்போகிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த நகரத்தில் எந்தத் தமிழரைக் கண்டாலும் "ஊரில எந்தப் பக்கம்?" என்றுதான் இந்த மனிதர் தொடங்குவார். அது ஊரைக் கேட்பதல்ல, சாதியைக் கேட்பது என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

விரல் ஒரு தோல் வியாபாரியிடம் போய் நின்றது. அவருடைய மனைவிக்கான கட்டத்தில் பெயரே இல்லை.

"இந்த மனிசி எந்தப் பக்கமாம்? கேள்," என்றார் மகளிடம்.

"நான் கேக்கமாட்டன், அப்பா." அவள் முகம் சிவந்துவிட்டது. மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அசையவில்லை. அந்த மனிசி எங்கேயிருந்து வந்தவ என்று தானே ஆங்கிலத்தில் கேட்டார்.

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

"அவர் பூர்வகுடிப் பெண். பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அவர் எங்கேயிருந்தும் வரவில்லை. வந்தது நாங்கள்தான்."

வழக்கமாக என் கணவரின் அடுத்த கேள்வி, "தகப்பன் ஆர்?" அதற்காக வாயைத் திறந்தார். மூடினார். விரல் மட்டும் அந்த வெற்றுக் கட்டத்திலேயே இருந்தது.