கொரியக்காரர்கள் மாதிரிக் குனிந்த நாள்

பிள்ளைகளே, நீங்கள் அம்மாவோடு சென்னைக்குப் படிக்கப் போன பிறகு, நாலு நண்பர்கள் கம்பெனி தொடங்கும் ஒரு கொரியத் தொடரை மூன்று தடவை பார்த்துவிட்டேன். பூ விலையைச் செல்போனில் காட்டும் ஆப் ஒன்றைத் தொடங்க எனக்கும் ஆசை வந்தது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை அண்ணாச்சி தினமும் விலை சொன்னால்தான் அது நடக்கும். தொடரில் செய்வதுபோல இடுப்பை வளைத்துக் குனிந்து, இரண்டு கையாலும் அவரிடம் என் விசிட்டிங் கார்டை நீட்டினேன்.

“என்ன வே, இடுப்பு பிடிச்சிக்கிட்டா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “பூ வெளைவிக்க சம்சாரி எங்கிட்ட போன்ல வெல மட்டுமா கேக்கான்? மக கல்யாணத்தையும்லா சொல்லுதான். ஒம்ம ஆப் அதைக் கேக்குமா?”

நீட்டிய கார்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தொடரை நாலாவது தடவை போட்டேன். தோற்றுப்போன அன்றைக்கு அந்த நாலு பேரும் சேர்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். இங்கே சொல்ல ஆளில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.