எந்த லிங்கைத் தொட்டாலும் புல்லு மருந்து

வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி காலையில் போன் செய்து, மக்காச்சோளக் குருத்தில் புழு விழுந்துவிட்டது, என்ன அடிக்கலாம் என்று கேட்டாள். படைப்புழுவைப் பற்றி என் பிளாகில் எழுதியிருந்தேன். அந்த லிங்கை அனுப்பினேன். கட்டைவிரல் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

நைனார்பாளையத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. என்ன விதைத்தோம், எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவள் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் ஆரம்பித்தது. படிக்கிறார்களோ இல்லையோ, படம் பார்க்கிறார்கள். நான் போட்டிருக்கும் பாட்டில் படத்தைத் திறந்து மருந்துக் கடைக்காரரிடம் போனை நீட்டி, இதில் ஒன்று கொடுங்கள் என்பார்கள். அவரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். எந்தப் பயிருக்கு என்று அவர் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

தொட்டியருகே நிற்கும்போது திருநாவலூரிலிருந்து கடலை போட்டிருக்கும் ஒருவர் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"இன்னாங்கம்மா, கடலைக்கு மருந்து கேட்டா புல்லு மருந்து காட்றீங்க? கொல்லைய காலி பண்ணிட்டு மெட்ராஸுக்குப் போவச் சொல்றீங்களா?"

அவர் எப்போதும் கேலி பேசுகிறவர். சிரித்துக்கொண்டே அவருக்கு அனுப்பியிருந்த கடலை லிங்கைத் தொட்டேன். என் பிளாகின் முகப்பு திறந்தது. முகப்பில் எப்போதும் கடைசியாக எழுதியதுதான் மேலே நிற்கும். கடைசியாக நான் எழுதியது வரப்புப் புல்லைக் கருக்கும் களைக்கொல்லி பற்றி. திரை முழுக்க அந்த பாட்டில். நெல் லிங்கைத் தொட்டேன், அதே பாட்டில். உளுந்துக்கும் அதே பாட்டில். காலையில் அனுப்பிய மக்காச்சோள லிங்கைத் தொட எனக்குக் கை வரவில்லை. தொட்டேன். அதேதான்.

அந்த மருந்து பச்சையாக எது இருந்தாலும் விடாது. மக்காச்சோளத்தில் பட்டால் புழு பிழைத்துக்கொள்ளும், பயிர் வெளுத்துக் காய்ந்துவிடும். அந்த வெள்ளிமலைப் பெண்ணின் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை செய்கிறார். இந்த வருஷம்தான் முதல்முறையாக அவளே ஆள் பிடித்து உழுது, அவளே விதைத்திருந்தாள். அதை அவள் போனில் சொன்ன விதம் என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

அவளைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அப்படியானால் பஸ் ஏறிவிட்டாள். மலை இறங்கும் வரை சிக்னல் இருக்காது. கீழே வந்தால் கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சியில் மருந்துக் கடை. ஒவ்வொரு வளைவிலும் அந்த பஸ் திரும்புவது என் கண்முன்னே தெரிந்தது. வண்டியை எடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எங்கன்னு போவ? எத்தினி மருந்துக் கடை கீது அங்க. ஒவ்வொரு கடையா பூந்து, புழு மருந்து வாங்க வந்த பொம்பள யாருன்னு கேட்டுக்கினு நிக்கட்டுமா?"

அவர் சொன்னதும் சரிதான். ஆனாலும் வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்.

போன வாரம், என் பிளாகை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்திருந்தது. தமிழாக்கிப் படித்ததில், புது சர்வருக்கு மாற்றுகிறோம், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றிருந்தது. எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அன்று மட்டும் நம்பிவிட்டேன்.

கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருக்கும்போதுதான் அது தோன்றியது. எதைத் தொட்டாலும் கடைசியாக எழுதியதுதான் திறக்கிறது. அப்படியானால் கடைசியாக நான் எதை எழுதுகிறேனோ அதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் போனை வாங்கி, பெரிய எழுத்தில் போட்டேன்: மருந்து வாங்காதீங்க. லிங்க் தப்பா காட்டுது. முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க.

போட்டுவிட்டுத் திறந்து பார்த்தால் அந்தப் பழைய பாட்டில்தான் வந்தது. உயிரே போய்விட்டது. இன்னொரு முறை புதுப்பித்த பிறகுதான் எழுத்து தெரிந்தது.

கம்பெனிப் பையன் தன்மையாகப் பேசினான். எந்த லிங்க் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கோப்பு ஒன்று இருக்கிறதாம். அதைப் படிக்கும் செட்டிங் புது சர்வரில் அணைந்திருக்கிறது. வழி தெரியாத லிங்கை எல்லாம் முகப்புக்குத் தள்ளும் செட்டிங் மட்டும் எரிகிறது. முதலாவதைப் போட்டு, இரண்டாவதை அணைத்தால் போதும் என்றான். அவன் சொன்ன இடத்துக்குப் போனேன். தொட்டதும் ஒரு பெட்டி வந்தது. கொஞ்ச நேரம் தளம் திறக்காமல் போகலாம், தொடரவா என்று கேட்டது.

தளம் போனால் என் எச்சரிக்கையும் போகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் கடையில் நின்றால்? காலையில் பார்த்த பாட்டில் அவளுக்கு நினைவிருந்தால், அடையாளம் சொல்லியே கேட்டு வாங்கிவிடுவாள்.

"இப்ப வேணாங்க," என்றேன்.

"சரி பண்ணத்தானே மேடம் கூப்ட்டீங்க?"

"ஆமாங்க. ஆனா இப்ப வேணாங்க. கெட்டே கெடக்கட்டும்."

அவன் என்ன நினைத்தானோ, வைத்துவிட்டான். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாணி அள்ளவில்லை, உலை வைக்கவில்லை. வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், எனக்குக் காதில் விழவில்லை.

பிறகு போன் அடித்தது.

"யக்கா, கடக்காரரு கத்தறாருக்கா. வாங்க வந்துட்டு வாங்காதன்னு எழுதிக்கினு வந்து காட்றியே, யாருகிட்ட வெளையாடறன்றாரு. இன்னாக்கா எழுதி வெச்சிருக்கிற?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து பேச்சு வரவில்லை. என் வீட்டுக்காரர் போனை வாங்கி, கடைக்காரரிடம் கொடுக்கச் சொல்லி, புழு மருந்தின் பெயரைச் சொன்னார். இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

அப்புறம் மறுபடி கம்பெனிக்குப் போன் செய்தேன். இந்த முறை வேறு ஆள், முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியில் சரி என்று தொட்டேன். திரை வெள்ளையாகி அப்படியே நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது வந்திருந்தது. நெல்லுக்கு நெல், கடலைக்குக் கடலை, மக்காச்சோளத்துக்குப் படைப்புழு. களைக்கொல்லிப் பதிவிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன்.

ஆனால் சர்வர் எந்த நாளில் மாறியது என்று எனக்குத் தெரியாது. கேலி பேசினவர் சொன்னார், கடைக்காரரிடம் திட்டு வாங்கினவள் சொன்னாள். ஒன்றும் சொல்லாமல் வாங்கிப்போய் அடித்தவர்கள் இருந்தால்?

அதனால் இப்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் பார்த்துத்தான் உட்காருகிறேன். போன வாரம் சின்னசேலம் தாண்டி ஒரு மக்காச்சோளக் கொல்லை முழுக்க வெளுத்துக் காய்ந்து நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாவிடம் அது யாருடையது, என்ன ஆனது என்று கேட்டேன்.

"மோட்டாரு எரிஞ்சி போச்சி. தண்ணி இல்ல, பாவம்," என்றார்.

அப்பாடா என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கள்ளக்குறிச்சி வரும்வரை என்னோடு பேசவில்லை.