பாலத்தில் மட்டும் இலை எரியாது

என் அக்காவின் பிடிவாதம் பிறவியிலேயே பொருத்தி வந்த உதிரிபாகம். கழற்ற முடியாது. அத்தான் முயன்று பார்த்துவிட்டு எப்போதோ கையை விரித்துவிட்டார். அவள் ஒரு வாடகைக் கார் கம்பெனியில் டிரைவர். தினமும் காலையில் நான்கு நர்ஸுகளை ஏற்றிக்கொண்டு, புதுப் பாலத்தைத் தாண்டி, ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். பல வருஷமாக அதுதான் அவளுடைய லைன். அதை யாராவது பறித்துக்கொள்வார்கள் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

நான் கார் ஷோரூமில் விற்பனையாளன். கம்பெனி புது வண்டிகளை எங்களிடம்தான் வாங்கியது. வந்தது வினை. ஒவ்வொரு வண்டியிலும் பெட்ரோலை மிச்சப்படுத்த எக்கோ மோட் என்று ஒரு பட்டன். அமுக்கினால் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு இலை எரியும். மாயம் மந்திரம் எதுவும் இல்லை. நாம் அவசரமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வண்டி அதைப் பாதியாகத்தான் காதில் வாங்கும். சீக்கிரமே மேல் கியருக்குப் போய் எஞ்சினை நிதானமாகச் சுழல விடும். ஏசியையும் கொஞ்சம் அடக்கி வைக்கும். நின்று நின்று போகிற ஊர்த் தெருக்களில் நிஜமாகவே பெட்ரோல் மிச்சம். முழுக்க மிதித்தால் வேகம் வரும்தான், ஆனால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வரும்.

அந்த ஒரு கணம்தான் அக்காவுக்கு ஆகாது. பாலத்துக்கு ஏறும் சரிவு முடிகிற இடத்தில், லாரிகள் பாய்ந்து வரும் பெரிய ரோட்டில் சேர வேண்டும். அங்கே நம் வண்டி யோசித்தாலும் பின்னால் வருகிற லாரி யோசிக்காது. அதனால் ஏறும்போது இலையை அணைப்பாள். பாலத்தில் வேகம் சீரானதும் மறுபடி போட்டுக்கொள்வாள்.

மேனேஜருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் வாத்தியார். எதற்கெடுத்தாலும் மார்க் போடுவார். இலை அணைந்தால் மார்க் குறையும், கால் அழுத்தி மிதித்தாலும் குறையும். எல்லாம் அவருடைய செல்போனுக்கு வந்துவிடும். அக்காதான் எப்போதும் கடைசி. பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் எல்லா டிரைவர்களையும் ஷெட்டில் கூட்டினார். எக்கோ மோடைப் பற்றி விளக்க என்னையும் வரவழைத்தார். போயும் போயும் என்னை.

அக்கா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் இலை அணையாம ஓட்டுறாங்க. உங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்றார் வாத்தியார்.

"ஊருக்குள்ள நானும் இலையோடதான் சார் ஓட்டுறேன். பாலம் ஏறும்போது மட்டும் அணைப்பேன். நாளைக்கும் அணைப்பேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க தம்பி."

நான் அக்காவைப் பார்க்காமல் சொன்னேன். "சார், சட்டுனு வேகம் எடுக்க வேண்டிய இடத்துல அணைக்கணும்னுதான் பட்டனே வச்சிருக்காங்க."

"அக்கா தம்பி பாசமா?" என்றார். ஷெட்டே சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

அக்கா எழுந்துவிட்டாள். "அவனை விடுங்க சார். பின்சீட்ல உங்க பொண்ணு உக்காந்திருந்தா, நான் இலையப் பாக்கணுமா, லாரியப் பாக்கணுமா?"

"வீண் பேச்சு வேணாம். இனிமே பட்டனைத் தொட மாட்டேன்னு சொல்லுங்க. இல்லேன்னா சாவிய வச்சிட்டு, நாளையிலிருந்து வண்டி கழுவுங்க."

சாவி மேஜையில் ணங்கென்று விழுந்தது. அக்காவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வாய் மட்டும் இறங்கி வரவில்லை.

"இந்த லைனை யார் எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார் வாத்தியார். ஒருவரும் அசையவில்லை. முதல் மார்க் வாங்குகிற டிரைவரை, எப்போதும் சட்டை மடிப்புக் கலையாமல் வருவதால் மாப்பிள்ளை என்று அழைக்கப்படுபவரை, கைகாட்டிக் கூப்பிட்டார். மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"சார், நான் அந்தப் பாலத்துல ஏறுறதே இல்ல."

"அப்புறம் எப்படி அக்கரைக்குப் போற?"

"பழைய பாலம் வழியா சுத்திதான். ஏத்தமும் இல்ல, லாரியும் இல்ல. இலை அணையாது, மார்க்கும் குறையாது. ஆனா அந்த வழியா போனா நர்ஸுங்கள ஏழு மணிக்கு சேர்க்க முடியாது."

"நானும் அப்படித்தான் சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று. கால் எப்படி மிதிக்கிறது என்று பார்த்த மார்க், வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்க்கவில்லை. மிச்சம் பிடித்த பேர் வாங்க, ஆளாளுக்கு ஊரைச் சுற்றிப் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறார்கள். எரிபொருள் செலவு ஏன் குறையவே இல்லை என்பது வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்காவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா? அப்ப ஏன் வாயத் திறக்கல?" என்று காதில் கேட்டேன்.

"என் சண்டைக்கு அவங்க பொழப்ப ஏன்டா இழுக்கணும்?"

வாத்தியார் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்வாரோ என்று எல்லாரும் காத்திருந்தோம். அக்கா காத்திருக்கவில்லை. அவர் கைக்குப் பக்கத்தில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

"காலையில நர்ஸுங்க நிப்பாங்க சார். பாலத்துல அணைச்சிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். வாத்தியார் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.